விருந்தினர் அறம்

பயணத்திற்கு மூட்டை கட்டுவதில் சிந்திப்பதற்கு என்ன இருக்கிறது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். எனினும், எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்று நாம் முடிவு செய்யும்போதே, போகும் இடத்தையும் அங்கு வாழும் மக்களையும் எவ்வாறு மதிக்கிறோம் என்பதும் முடிவாகிவிடுகிறது. செழிப்பான ஊருக்குச் செல்லுங்கால் இவ்வுண்மை புலப்படுவதில்லை. மறந்த பொருளை அங்கே கடைத்தெருவில் வாங்கிக்கொள்ளலாம். நீரும் நிழலும் அரிதான பாலைக்குச் செல்லும்போதுதான் அது கண்முன் வந்து நிற்கிறது.

அல்சூரிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில், இராசத்தானத்துப் பாலையில் நிகழும் இசைவிழாவுக்குச் சென்றுவர வேண்டும் என்னும் ஆவல் இந்நாளில் இளைஞரிடையே மிகுந்து வருகிறது. நடுவணரசு ஊழியராகிய நமக்கும், நான்காண்டுக்கு ஒருமுறை நாட்டின் எப்பகுதிக்கும் சென்றுவர விடுப்புப் பயணச் சலுகை இருக்கிறது. ஜெய்சல்மேரில் நடைபெறும் பாலைவனத் திருவிழா, வடவர் மாக மாதம் என வழங்கும் திங்களின் முழுநிலவு நாளோடு நிறைவுறுவது. நகரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சம் மணற்குன்றுகளில் கூடாரங்கள் அமைத்து, இரவெல்லாம் பாட்டும் கூத்துமாகக் கழிப்பர். அத்தகைய இடத்திற்குச் செல்ல ஆயத்தமாகும் குடும்பத்தார் என்னென்ன கொண்டுசெல்லவேண்டும் என்று நம்மிடம் வினவினால், கம்பளி, கைவிளக்கு, மருந்து என்று சொல்லிவிடுவது எளிது. அதற்கு முன்னர் எழவேண்டிய வினா ஒன்று உண்டு. வறண்ட நிலத்தில் வாழ்வோரிடம் இன்பம் நாடிச் செல்பவன் அவர்களுக்கு எதில் கடமைப்பட்டவன்?

நம் முன்னோர் இத்தகைய பயணத்தை நன்கறிந்திருந்தனர். பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்களே அன்றோ! பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் கலைஞனுக்கு வழி கூறுவதே அவற்றின் அமைப்பு. மலைபடுகடாத்தில், நன்னனைக் காணச் செல்லும் கூத்தர் சுமந்து செல்லும் இசைக்கருவிகளை முதலில் காண்கிறோம். பின்னர் வழியிலுள்ள பன்றிப் பொறிகள், தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கற்கள், பாம்பு உறையும் பள்ளங்கள் என ஒவ்வொன்றும் எச்சரிக்கையாகச் சொல்லப்படுகிறது. அந்நாளில் துன்பமான வழியைக் கடந்தவர் பாடுவோர். கேட்போர் தம் இல்லத்திலிருந்து அவர்களை வரவேற்றனர். இந்நாளிலோ பாடுவோர் தம் ஊரில் இருக்க, கேட்போர் மணல் கடந்து செல்கின்றனர். ஆற்றுப்படை தலைகீழாயிற்று எனலாம். அவ்வாறாயின் விருந்தோம்பும் கடமை யாருக்கு, விருந்தினராய் நடந்துகொள்ளும் கடமை யாருக்கு என்பதையும் நாம் புதிதாக எண்ணிப் பார்க்கவேண்டும்.

திருக்குறளில் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் உண்டு. முகம் மாறி நோக்கினாலே விருந்தினர் உள்ளம் வாடிவிடும் என்று அனிச்ச மலரை உவமை காட்டி, விருந்தளிப்போனை வள்ளுவர் எச்சரிக்கிறார். விருந்தினனுக்கெனத் தனி அதிகாரம் இல்லை. அதனால் விருந்தினனுக்குக் கடமையே இல்லை என்று கொள்வது பொருந்தாது. பிறர் பொருளை விரும்பாமை, ஒப்புரவு, நன்றியறிதல், அடக்கம் ஆகிய அதிகாரங்களில் அவன் கடமைகள் பரவிக் கிடக்கின்றன. அவற்றைத் தொகுத்து உணர்வது நம் பொறுப்பு.

இங்கே ஒரு மறுப்பு எழும். "கூடாரத்திற்கும் உணவிற்கும் இசைக்கும் உரிய கட்டணத்தைச் செலுத்திவிட்டோம், இரசீதும் பெற்றுவிட்டோம். இது வாணிகம், இதில் விருந்தென்ன, கடமையென்ன?" என்று சிலர் கேட்பர். கோப்புகளோடும் கணக்குகளோடும் வாழ்நாளைக் கழிக்கும் எழுத்தராகிய நமக்கு இரசீதின் பெருமை தெரியும். அதன் எல்லையும் தெரியும். பணம் கைமாறியது என்பதற்கு இரசீது சான்றாகும். எந்தப் பொருளுக்காகப் பணம் தந்தோமோ அது மீண்டும் சுரக்குமா என்பதற்கு அது சான்றாகாது. தார்ப் பாலையின் மேற்குப் பகுதியில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் அளவே. அம்மக்கள் மழைத்துளியை நிலத்தடித் தொட்டிகளில் சேமித்து, ‘டாங்கா’ என அழைத்துக் காத்துவந்தனர். ஓடும் நீரைக் கரைகட்டித் தேக்கி, ஈரம் ஊறிய நிலத்தில் பயிர் செய்யும் ‘காடின்’ முறையையும் கண்டனர். இந்திராகாந்தி கால்வாய் நீர் பிற்காலத்தில் வந்தும், நீர் அங்கே எண்ணிச் செலவிடும் பொருளாகவே இருக்கிறது. நம் வீட்டுப் பழக்கப்படி காலையும் மாலையும் வாளி வாளியாக நீராடிவிட்டு, பணம் கொடுத்தோம் என்று கூறினால், கணக்கு நேராகலாம், நடத்தை நேராகாது.

அவ்வாறாயின் செல்லாமலிருப்பதே நன்று என்பாரும் உளர். அதுவும் முழு உண்மையன்று. அந்நிலத்தின் மங்கணியார், லங்கா எனும் மரபிசைக் குடியினர் தலைமுறை தலைமுறையாகப் புரவலர் குடும்பங்களை நம்பி வாழ்ந்தவர்கள். மங்கணியார் இசுலாமியர், எனினும் இந்துப் புரவலர் இல்லங்களில் பிறப்புக்கும் திருமணத்திற்கும் பாடுவர், அக்குடும்பங்களின் வழிமுறைகளை நினைவில் வைத்து ஓதுவர், கண்ணன் மீதும் பாடல்கள் பாடுவர். நம் பாணர் மரபை நினைவூட்டும் இக்கலை, பழைய புரவலர் வளம் குன்றியபின் நிலைத்திருப்பதற்குப் புதிய கேட்போரே பெருந்துணை. கோமல் கோத்தாரி என்னும் அறிஞர் 1960-இல் விஜய்தான் தேத்தாவுடன் ‘ரூபாயன் சன்ஸ்தான்’ என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்து, இக்கலைஞரை உலகறியச் செய்தார். காமைச்சா என்னும் வில்லிசைக் கருவியில் வல்லவரான சாக்கர் கான் 2012-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஆகவே செல்லுதல் தகும். எவ்வாறு செல்வது என்பதே நம் வினா.

வெளியுலகிலும் இவ்வினா எழுந்துள்ளது. அமெரிக்காவின் நெவாடா பாலையில் ஆண்டுதோறும் கூடும் ‘பர்னிங் மேன்’ விழாவில், தமக்கு வேண்டிய நீரையும் உணவையும் தாமே கொண்டுவரவேண்டும், சென்றபின் ஒரு துரும்பும் எஞ்சலாகாது என்பன நெறிகள். 2023-இல் எதிர்பாரா மழையால் 70,000-க்கும் மேற்பட்டோர் சேற்றில் சிக்கியபோது, ஆயத்தமாக வந்தோர் பிறரையும் தாங்கினர். ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் 2001-இல் தொடங்கிய பாலைவன இசைவிழாவோ வேறொரு பாடம் கற்பிக்கிறது. 2012-இல் அந்நாட்டின் வடபகுதியைக் கைப்பற்றிய ஆயுதக் குழுக்கள் இசையையே தடைசெய்தன. அவ்விழாவும் அந்நிலத்தை விட்டு அகன்றது. விருந்தினர் வீடு திரும்பினர். கலைஞர் பலர் வீடிழந்தனர். விழா முடிந்தபின் அந்நிலத்தின் இன்பதுன்பங்களோடு எஞ்சி நிற்போர் அங்கு வாழ்வோரே என்பதை விருந்தினன் மறக்கலாகாது.

இக்கருத்தை மனத்திற்கொண்டு மூட்டையைக் கட்டினால், அதன் உள்ளடக்கமே மாறும். மாக மாதத்துப் பாலையில் பகல் வெப்பமாகவும் இரவு கடுங்குளிராகவும் இருக்கும். ஆதலின் கம்பளியும் போர்வையும் நாமே கொண்டுசெல்லவேண்டும். குடிநீருக்கு ஒருமுறை பயன்படுத்தி எறியும் புட்டிகளுக்கு மாறாக, மீண்டும் நிரப்பத்தக்க கலங்கள் வேண்டும். குப்பையை இட்டுத் திரும்பக் கொணர ஒரு பை வேண்டும். மணலில் புதைத்த நெகிழித் தாளை அடுத்த காற்றே வெளிக்கொணர்ந்து, மேயும் ஒட்டகத்தின் வாயில் சேர்த்துவிடும். ஒலிபெருக்கியை வீட்டிலேயே விட்டுச்செல்லலாம். சம் பகுதியை ஒட்டிய பாலைவனத் தேசியப் பூங்கா, அருகிவரும் கானமயில் வாழும் இடங்களுள் ஒன்று.

பொருள்களைக் காட்டிலும் முதன்மையானது செவியின் ஆயத்தம். கூடாரத்தில் அமர்ந்து, காமைச்சா வாசிப்பவரிடம் திரைப்படப் பாட்டொன்றை வாசிக்கச் சொல்லும் வழக்கம் பெருகிவிட்டது. அவரும் மறுப்பதில்லை, வயிறு மறுக்கவிடாது. அவ்வாறு கேட்பது, ஆற்றங்கரைக்குச் சென்று புட்டிநீர் கேட்பதை ஒக்கும். புறப்படுமுன் அவ்விசையைப் பற்றிச் சிறிது கற்றுக்கொண்டால் அயன்மை நீங்கும். அவர்களது மோர்சங் நம் கச்சேரி மேடையின் முகர்சிங்கிற்கு உறவு. கர்த்தால் என்னும் மரத்துண்டுகள் நம் பாகவதர் கையிலுள்ள சிப்ளாக்கட்டையை நினைவூட்டும். ‘உங்கள் வீட்டுத் திருமணத்தில் என்ன பாடுவீர்கள்?’ என்று நம் குழந்தைகள் அவரிடம் கேட்கக் கற்பித்தால், அதுவே நாம் கொண்டுசெல்லும் சிறந்த கையுறை ஆகும்.

இவ்வறம் புலம்பெயர்ந்தோராகிய நமக்குப் புதிதன்று. வேற்றுமொழி வழங்கும் நகரில் விருந்தினராய் வந்து, தலைமுறைகள் கடந்தபின் அண்டை வீட்டாராய் ஆனவர்கள் நாம். அல்சூர் ஏரிக்கரையில் 1991-இல் நிறுவப்பட்டும் திறக்கப்படாதிருந்த வள்ளுவர் சிலை, 18 ஆண்டுகள் கழித்து 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள் திறக்கப்பட்டது; நான்கு நாட்களில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டது. ஒருவர் கவிஞரை மற்றவர் தம் மண்ணில் வரவேற்றபோதுதான் தடை அகன்றது. விருந்தினனாக இருப்பதன் கூச்சத்தையும், வரவேற்கப்படுவதன் நிறைவையும் ஒருங்கே அறிந்தவர், பிறர் நிலத்தில் பணிவோடு காலடி வைப்பதற்குத் தகுதியானவர்.

மேலும், பாலையை நெடுந்தொலைவில் உள்ள இடம் என்று மட்டும் எண்ணுதல் தகாது. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பிழந்து அடையும் நிலையே பாலை என்று சிலப்பதிகாரம் உணர்த்துகிறது. 2024-ஆம் ஆண்டுக் கோடையில் பெங்களூரின் ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரக்கணக்கில் வற்றி, தண்ணீர் லாரிகளின் பின்னே நம் தெருக்களில் மக்கள் குடங்களோடு நின்றபோது, அக்கூற்றின் பொருளை நாம் கண்கூடாகக் கண்டோம். ஏரிகள் நிறைந்ததாகப் புகழ்பெற்ற நகருக்கும் அந்நிலை வரக்கூடும். துளி நீரையும் காக்கத் தெரிந்தவரிடம் செல்லும் நாம், ஒரு பாட்டையும் ஒரு நிழற்படத்தையும் மட்டும் பெற்றுத் திரும்புதல் பெருங்குறை. அவர்கள் டாங்காவை எவ்வாறு கட்டுகின்றனர், மழைக்கு முன் அதன் நீர்வரவுப் பரப்பை எவ்வாறு தூய்மை செய்கின்றனர் என்று கேட்டறிந்து, நம் மாடிகளில் மழைநீர்த் தொட்டி அமைத்தால், சென்றுவந்த பயணம் இரு நிலங்களுக்கும் நன்மை செய்ததாகும்.

ஆகவே, பாலையின் இசைவிழாவுக்குச் செல்ல எண்ணும் குடும்பத்தார் மகிழ்வோடு சென்று வருக. தேவைக்கேற்ற நீரும் போர்வையும், பொறுமையுள்ள செவியும் உடன் செல்லட்டும். நாம் வந்து சென்றமையால் அக்கலைஞர் இல்லத்துக் குடத்தில் ஒரு குவளை நீரும் குறையாதிருக்குமாயின், அடுத்த முழுநிலவில் அவர்கள் நம்மை மீண்டும் மனமுவந்து வரவேற்பர்.