மருந்தின் அளவும் மூச்சின் அளவும்

ஒரு மருந்தின் அளவு எந்தக் கணத்தில் நிர்ணயமாகிறது, அதை நிர்ணயிப்பவர் யார் என்ற கேள்வி, விழுங்கும் மருந்தைப் பொறுத்தமட்டில் பெரும்பாலும் எழுவதேயில்லை. வைத்தியர் எழுதிக்கொடுத்து, மருந்து செய்பவர் நிறுத்து வைத்ததை நோயாளி தண்ணீரோடு உட்கொண்டுவிட்டால், அளவு பற்றிய பொறுப்பு அத்துடன் தீர்ந்ததென்றே கொள்கிறோம். மூச்சோடு உள்ளிழுக்கவேண்டிய மருந்து இந்த எளிய ஏற்பாட்டைக் கலைத்துவிடுகிறது. அதன் கடைசி அளவுகோல் நோயாளியின் சுவாசம். அந்தச் சுவாசமோ நோயினால் ஏற்கெனவே பீடிக்கப்பட்டிருப்பது. எது கெட்டுப்போயிற்றோ அதையே கருவியாகக் கொண்டு அதைச் செப்பனிடச் சொல்லும் இந்த விசித்திரம், வைத்திய சாஸ்திரத்துக்கு மட்டுமன்றித் தத்துவ விசாரணைக்கும் உரியதென்பது என் அபிப்பிராயம்.

1950-களின் நடுப்பகுதி வரையில் ஆஸ்துமா நோயாளிகள் பலர், கண்ணாடிக் குப்பியில் மருந்து நீரை ஊற்றி, அதனோடு இணைந்த ரப்பர் குமிழைக் கையால் அமுக்கி, எழும் திவலைகளை உறிஞ்சி வந்தார்கள். விரல்களின் பலத்துக்கும் உள்ளத்தின் பதற்றத்துக்கும் தக்கபடி மருந்து கூடும், குறையும். மூச்சு முட்டுகிற வேளையில் எவ்வளவு எடுத்துக்கொண்டோம் என்பது அவர்களுக்கே தெரியாது. அமெரிக்காவில் ரைக்கர் மருந்து நிறுவனத்தின் தலைவராயிருந்த ஜார்ஜ் மெய்சனுடைய மகள், பதின்மூன்று வயதுப் பெண், இத்தகைய கருவியோடு மல்லாடிக்கொண்டிருந்தவள். கூந்தலுக்கு அடிக்கும் ஸ்பிரேயைப்போல என் மருந்தும் ஒரு டப்பாவில் வரக்கூடாதா என்று அவள் தகப்பனாரைக் கேட்டது 1955-இல். 1956-இல் அந்த டப்பா விற்பனைக்கு வந்துவிட்டது. அதன் உயிர்நிலை அதன் வால்வு. அமுக்கினால் வால்வினுள் இருக்கும் ஒரு சிற்றறையில் நிரம்பியது மட்டுமே வெளிப்படும். எத்தனை பலமாக அமுக்கினாலும், எவ்வளவு நேரம் அமுக்கிப் பிடித்தாலும் அதற்குமேல் ஒரு துளியும் வராது. பதற்றத்துக்கு இடங்கொடாத இந்தச் சிற்றறையை, துன்பப்படுகிறவனை அவனுடைய துன்பமே ஏமாற்றிவிடாதபடி காத்த தர்ம காரியமாகவே நான் கருதுகிறேன்.

ஆயினும் வால்வைவிட்டு வெளிப்பட்ட அளவு வேறு, நுரையீரலைச் சென்றடையும் அளவு வேறு. 5 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களில் பெரும்பாலானவை தொண்டையின் வளைவில் மோதி அங்கேயே ஒட்டிக்கொள்கின்றன. 1 மைக்ரானுக்கும் குறைந்தவற்றில் பல, சென்ற மூச்சோடே திரும்பி வந்துவிடுகின்றன. இடைப்பட்டவைதாம் சுவாசக் குழல்களில் தங்கிப் பயன் தருகின்றன. இன்ஹேலர் எனப்படும் இந்த டப்பாவின் பழைய வகையை முறை தவறாமல் உபயோகித்தபோதும் நுரையீரலுக்குப் போனது ஏறக்குறைய நூற்றுக்குப் பத்திலிருந்து இருபது பங்குதான். அந்தப் பங்குக்கும் நோயாளி செய்யவேண்டியவை எத்தனை! மருந்துத்தூள் திரவத்தில் பிரிந்து தங்கிவிடாதபடி டப்பாவை நன்றாகக் குலுக்கவேண்டும். உள்ளிருக்கும் மூச்சை வெளிவிட்டு, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்குகிற சமயத்திலேயே அமுக்கவேண்டும். ஆழ்ந்து இழுத்ததைப் பத்து விநாடியளவு நிறுத்திவைக்கவேண்டும்.

நம்முடைய யோக நூல்களை அறிந்தவர்களுக்கு இந்த விதிகள் அந்நியமாகத் தோன்றமாட்டா. மூச்சை உள்ளிழுக்கும் பூரகத்துக்கு 16, நிறுத்தும் கும்பகத்துக்கு 64, வெளிவிடும் ரேசகத்துக்கு 32 மாத்திரைக் காலம் என்று திருமூலர் வகுத்திருக்கிறார். இருதயத்தை நிறுத்தவும் ஓட்டவும் நம்மால் ஆகாது. கையோ நாம் அசைத்தாலன்றி அசையாது. சுவாசம் மட்டும் நாம் நினைத்தாலும் நடக்கிறது, நினையாவிட்டாலும் நடக்கிறது. சித்தத்துக்கும் சரீரத்துக்கும் பொதுவான அந்த வாயில் வழியாகவே யோகியர் உள்ளே புகுந்தார்கள். ஆனால் யோகி ஆசனத்தில் அமர்ந்து, நெடுங்காலம் பழகி, மனம் அடங்கிய நிலையில் செய்வதை, இழுப்புக் கண்டவன் நெஞ்சு இறுகி, மரண பயம் பற்றிய நிலையில் செய்யவேண்டியிருக்கிறது. அளவு எப்பொழுது மிகவும் தேவையோ அப்பொழுதுதான் அளக்கும் சக்தி மிகவும் குன்றியிருக்கிறது. மருந்து பலிக்காதபோது "நோயாளி சரியாக உபயோகிக்கவில்லை" என்று எழுதிவைத்து அமைவது, ஆகையால், எனக்கு நியாயமாகப் படவில்லை. குற்றம் சாட்டுவதற்கு முன்னால், அந்த வேளையில் அவனுக்குச் சுதந்திரம் எவ்வளவு இருந்தது என்பதைக் கேட்கவேண்டாமா?

இதைத் தம் தேகத்திலேயே அறிந்த ஒருவர் ரோஜர் ஆல்டூன்யன். இரண்டாவது உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் விமானப் படையில் விமானம் ஓட்டியவர், பிறகு வைத்தியரானவர், தாமும் ஆஸ்துமா நோயாளி. ஒவ்வாத பொருளை வேண்டுமென்றே சுவாசித்துத் தமக்கு இழுப்பை வரவழைத்துக்கொண்டு, புது மருந்துகளைத் தம்மீதே பரீட்சித்தவர். 1960-களில் உருவாவதற்கு அவர் காரணராயிருந்த ஸ்பின்ஹேலர் என்ற கருவியில், நோயாளி இழுக்கும் மூச்சே ஒரு சிறு சுழல்விசிறியைச் சுழற்றி மருந்துப்பொடியை உதறி எடுத்துக்கொண்டு செல்லும். கையையும் மூச்சையும் ஒன்றுபடுத்தும் சிரமம் நீங்கிற்று. எனினும் இவ்வகைப் பொடிக் கருவிகளுக்கு வேகமான மூச்சு வேண்டும். மிகவும் நலிந்தவனிடம் அது இராது. திறமையைக் கேட்ட யந்திரம் போய், பலத்தைக் கேட்கும் யந்திரம் வந்தது.

வால்வு தன் கடமையைப் பிசகின்றிச் செய்தும் அளவு தவறக்கூடும் என்பதையும் அந்தப் பத்தாண்டுகளே காட்டின. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் நியூஸிலாந்திலும் ஆஸ்துமாவினால் நேரும் மரணங்கள் பெருகின. அங்கெல்லாம் விற்ற ஐசோபிரீனலின் என்னும் ஆஸ்துமா மருந்தின் ஸ்பிரேக்களில் ஒரு வகை, சாதாரணமானதைவிட ஐந்து மடங்கு வீரியமுள்ளது. அது விற்பனைக்கு வராத அமெரிக்காவில் இப்பெருக்கம் காணப்படவில்லை என்பதை 1972-இல் பால் ஸ்டாலி என்ற ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். காரணத்தைப் பற்றிய விவாதம் அதன் பின்னும் நீடித்தது. எனக்கோ அதில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது: ஒரு முறைக்கு எவ்வளவு என்பதை யந்திரத்தில் அமைத்துவிடலாம், எத்தனை முறை, எப்போது நிறுத்துவது, எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடுவது என்பவற்றை அந்தச் சிற்றறையில் அடக்கமுடியாது.

சிகிச்சைக்கு வைத்தியன், மருந்து, பரிசாரகன் என்னும் பணிவிடையாளன், நோயாளி என்று நான்கு பாதங்களைச் சொல்கிறது சரக சம்ஹிதை. திருக்குறளின் மருந்து அதிகாரமும் இந்நான்கைக் கூறியே முடிகிறது. நோயாளிக்கு வேண்டியவையாகச் சரகம் கேட்பன நினைவு, சொற்படி நடத்தல், அச்சமின்மை, தன் நோயை எடுத்துரைக்கும் ஆற்றல். இவற்றுள் சிலவற்றை யந்திரம் நோயாளிக்கு இரவலாகத் தரமுடியும் என்பதே, அளவைத் திருத்தச் செய்த முயற்சிகளில் என்னை மிகவும் கவர்ந்தது. இருநூறு முறைக்கான மருந்து தீர்ந்த பின்னும் டப்பாவில் எஞ்சிய வாயு சீறிக்கொண்டுதான் இருக்கும். மருந்து இருக்கிறதென்று நம்பி வெறும் சீற்றத்தை உறிஞ்சியவர்கள் உண்டு. மிச்சத்தை அறிய டப்பாவைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் வழக்கமும் நம்பத்தக்கதாக இல்லை. மிச்சத்தை எண்ணிக் காட்டும் எண்மானியைப் பொருத்தவேண்டுமென்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2003-இல் யோசனை கூறிற்று. நினைவு இரவலாக வந்தது. ஸ்பேசர் என்னும் குடுவை, ஸ்பிரேயின் வேகத்தைத் தணித்து, அமுக்குவதற்கும் இழுப்பதற்கும் நடுவே சிறிது அவகாசம் அளிக்கிறது. அச்சம் பாதி குறைகிறது.

பரிசாரகனுடைய இடத்துக்கு மட்டும் இரவல் கிடைப்பதில்லை. கைக்குழந்தைக்கு ஸ்பேசரோடு முகமூடியும் வைத்து மருந்து கொடுக்கையில், குழந்தை வீறிட்டு அழுதால் நுரையீரலுக்குச் செல்லும் பங்கு வெகுவாகக் குறைந்துபோகிறது. முகமூடி சற்று விலகியிருந்தாலும் அப்படியே. அழுகையை அமர்த்தி, முகமூடியை அழுந்தப் பொருத்தி, ஐந்தாறு மூச்சு வரையில் காத்திருக்கும் தாய்க்கு அந்த முறையைச் செய்துகாட்டி, அடுத்த தடவை வரும்போது அவளைச் செய்துகாட்டச் சொல்லிப் பார்க்கவேண்டிய சில நிமிஷங்களை, கூட்டம் மிகுந்த நம் ஆஸ்பத்திரிகளில் வைத்தியரும் நர்ஸும் மருந்துச் சீட்டின் ஒரு வரியாகவே எண்ணி ஒதுக்கவேண்டும்.