கணக்கில் வராத ஒருவர்

அச்சுப்பொறி வந்து சேர்ந்தது. அச்சுக்காரர் வந்து சேரவில்லை.

ஆண்டு 1712. இடம் தரங்கம்பாடி. மிஷனரி சீகன்பால்குவும் அவருடைய தோழர்களும் ஆவலோடு எதிர்பார்த்திருந்த பொறி அது. லண்டனிலிருந்து எஸ்.பி.சி.கே. என்ற கிறிஸ்தவச் சங்கத்தார் அனுப்பியிருந்தார்கள். அதை ஓட்டத் தெரிந்த யோனாஸ் ஃபிங்க் என்பவரையும் கூடவே கப்பலேற்றிவிட்டிருந்தார்கள். வழியில் ரியோ டி ஜெனிரோவில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். எப்படியோ விடுபட்டு மறுபடி புறப்பட்டால், நன்னம்பிக்கை முனையை நெருங்கும் வேளையில் ஃபிங்க் காய்ச்சலில் இறந்துபோனார்.

பொறி இருக்கிறது, கை இல்லை. உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வந்திருக்கும். பாதி வரம் கிடைத்து, அதைப் பயன்படுத்தவே முடியாமல் நின்ற நாள். ஒன்றுமே கிடைக்காமல் போவதைவிட அது அதிகமாக வலிக்கும்.

பிறகு விசாரித்ததில் தெரிந்தது: தரங்கம்பாடியிலேயே, டேனிஷ் கம்பெனியின் சிப்பாய்களில் ஒருவருக்கு அச்சுத் தொழில் தெரியும். எதிர்பார்த்த ஆள் கடல் கடந்து வரவேண்டியவர். கிடைத்த ஆள் ஏற்கெனவே ஊருக்குள் இருந்தவர்.

இன்றைக்கு உங்கள் கையில் நான் வைக்க நினைப்பது இவ்வளவுதான். இழந்தவர்களை எண்ணும்போது, பக்கத்தில் நிற்பவரை எண்ண மறந்துவிடுகிறோம்.

இழப்பை எண்ணவே கூடாது என்று சொல்ல வரவில்லை. தாராளமாக எண்ணுங்கள். ஃபிங்க் இறந்தது இறந்ததுதான். சிப்பாய் கிடைத்ததால் அந்த மரணம் இல்லையென்று ஆகிவிடாது. 300 ஆண்டுகள் கழித்தும் அதை “எல்லாம் நன்மைக்கே” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. துக்க வீட்டில் அப்படிச் சொல்பவர்களை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அவர்கள் நல்லவர்கள், ஆனாலும் அந்த நேரத்தில் அந்தச் சொல் சுடுகிறது. ஆண்டவர் நம்மிடம் கேட்பது அழாத முகத்தை அல்ல. லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் அவரே அழுதார்.

சீகன்பால்குவின் கதையில் இன்னும் கொஞ்சம் தங்கலாம். 1706 ஜூலையில் வந்து இறங்கிய இளைஞர். ஊர்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, மணலில் விரல் தேய்த்துத் தமிழ் எழுத்துப் பழகியவர். 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கினார். நவம்பரில் கோட்டைத் தளபதி அவரைச் சிறையில் போட்டார். நல்ல வேலை என்று தொடங்கி ஒரு மாதம். அதற்குப் பலனாக நான்கு மாதச் சிறை. வேலை கடவுளுடையது என்றால் வழி நேராக இருக்கும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அவருக்கு இருக்கவில்லை. 1709 மார்ச்சில் வெளியே வந்தவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். 1711இல் முடித்தார். ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து செய்து வந்த தமிழ் அச்செழுத்துகளோ அளவில் மிகப் பெரியவை. அவற்றால் அடித்தால் இருக்கும் காகிதம் போதாது. சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சேறியிருந்தது.

அதன் பிறகு பழைய ஏற்பாடு. ஆதியாகமத்தில் தொடங்கி ஒவ்வொரு புத்தகமாக வந்துகொண்டிருந்தார். ரூத் வரை வந்தார். 1719 பிப்ரவரியில் இறந்தார். வயது 36.

சங்கீதங்களைத் தொடவில்லை. ஏசாயாவைத் தொடவில்லை. அந்த ஆண்டு பிப்ரவரியில் யாராவது கணக்குப் பார்த்திருந்தால் பாதியில் நின்ற வேலை என்றுதான் எழுதியிருப்பார்கள். செப்டம்பரில் சூல்ட்சே என்ற மிஷனரி வந்து இறங்கினார். இருவரும் தரங்கம்பாடியில் சந்திக்கவே இல்லை. ஆனால் ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொட்டார். அடுத்த பத்து ஆண்டுக்குள் மிச்சப் புத்தகங்களும் தமிழுக்கு வந்துவிட்டன.

ரூத்தோடு நின்றது தற்செயல்தான். அதில் மறைபொருள் எதையும் நான் தேடவில்லை. ஆனாலும் அந்தச் சின்னப் புத்தகத்தை இன்று ஒரு முறை எடுத்துப் படியுங்கள். நான்கே அதிகாரம். பேருந்துப் பயணத்தில் முடித்துவிடலாம்.

பஞ்சத்துக்குத் தப்பி மோவாபுக்குப் போன குடும்பம். போன இடத்தில் நகோமிக்குக் கணவன் இறந்தார். பிறகு இரண்டு மகன்களும் இறந்தார்கள். பெத்லகேமுக்குத் திரும்பி வருகிறாள். ஊர்ப் பெண்கள் கூடிவிடுகிறார்கள்: இவள் நகோமிதானே? அவள் உள்ளதை ஒளிக்கவில்லை. நிறைவாகப் போனேன், ஒன்றுமில்லாமல் கர்த்தர் என்னைத் திரும்பி வரச்செய்தார் என்ற பொருளில் தெருவிலேயே சொல்கிறாள். கடவுள் மேல் இருக்கும் மனத்தாங்கலைக் கடவுளின் பெயரைச் சொல்லியே சொல்கிறாள். வேதம் அவளைக் கண்டிக்கவில்லை. எனக்கு அது பெரிய ஆறுதல். நாத்திகர் இப்படிப் புலம்ப மாட்டார். இது விசுவாசியின் புலம்பல்.

ஆனால் அந்தத் தெருவில் அவளுக்குப் பக்கத்தில் நிற்பது யார் என்று பாருங்கள். மருமகள் ரூத் நிற்கிறாள். சொந்த ஊரையும் சொந்த சனத்தையும் விட்டு, இந்த மாமியாருக்காகவே அத்தனை தூரம் நடந்து வந்தவள். ஒன்றுமில்லை என்று நகோமி சொன்னபோது, அந்த “ஒன்றுமில்லை” அவள் காதிலும் விழுந்திருக்கும்.

இன்னொரு விவரமும் அங்கே இருக்கிறது. அவர்கள் வந்து சேர்ந்தது வாற்கோதுமை அறுப்பின் தொடக்கம். பஞ்சத்தால் விட்டுப்போன ஊரில் அறுவடை நடக்கிறது. துக்கத்தில் இருப்பவருக்கு வயல் கண்ணில் படாது. அது குற்றமும் அல்ல.

ரூத் கோபித்துக்கொள்ளவில்லை. நானும் இங்கேதானே நிற்கிறேன் என்று கேட்கவில்லை. அந்த வீட்டில் அவள் அடுத்துப் பேசுவது வேலையைப் பற்றி: வயலுக்குப் போய்க் கதிர் பொறுக்கட்டுமா? நாள் முழுக்கப் பொறுக்கினாள். மதியம் வயலின் சொந்தக்காரர் போவாஸ் கொடுத்த வறுத்த தானியத்தைத் தின்றாள். வயிறு நிறைந்ததும் மீதியை எடுத்து வைத்துக்கொண்டாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பொறுக்கியதோடு அந்த மீதியையும் மாமியார் கையில் கொடுத்தாள். ஒன்றுமில்லை என்று சொன்ன கை அது. அதில் இப்போது ஒரு பிடி வறுத்த தானியம்.

நகோமியின் பேச்சு அங்கேதான் மாறுகிறது. பெரிய அற்புதம் நடந்த பிறகு அல்ல. ரூத்துக்கு ஓபேத் பிறந்த பிறகும் அல்ல. அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. ஒரு நாள் கூலி போன்ற அந்தத் தானியத்தைப் பார்த்ததும், கர்த்தரைக் குறைசொன்ன வாய் கர்த்தரை வாழ்த்துகிறது. கணவன் திரும்பி வரவில்லை. பிள்ளைகள் திரும்பி வரவில்லை. ஆனாலும் வாழ்த்துகிறது.

இயேசு சிலுவையில் இறந்த பிறகு எம்மாவு ஊருக்குப் போன இரண்டு சீடர்களையும் நீங்கள் அறிவீர்கள். நம்பியிருந்தோம், எல்லாம் போயிற்று என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே நடந்தார்கள். யார் இறந்துவிட்டார் என்று பேசினார்களோ, அவரே கூட நடந்துகொண்டிருந்தார். அவர்கள் பேசி முடிக்கும்வரை கேட்டார். நடுவில் தடுத்து, நான்தான் என்று சொல்லிவிடவில்லை. கிறிஸ்தவ நம்பிக்கை முழுவதும் எனக்கு இந்தச் சாலையில்தான் இருக்கிறது. உயிர்த்தெழுந்தவர், ஏமாந்தவர்களின் நடைக்கு ஏற்றபடி தம் நடையைக் குறைத்துக்கொண்டார்.

ஆகவே இன்று நீங்கள் மருத்துவமனை வராண்டாவில் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். வராத வேலைக்காக அலைபேசியைப் பார்த்துப் பார்த்துச் சலித்திருக்கலாம். பிள்ளை பேசாமல் போய் மாதங்கள் ஆகியிருக்கலாம். ஜெபத்தில் அதை உள்ளபடியே சொல்லுங்கள், நகோமியைப் போல. சொல்லி முடித்ததும் எழுந்துவிடாதீர்கள். இந்த வாரம் வீட்டு வாசலுக்கு வந்தவர் யார்? டிபன் கேரியரோடு வந்து, அதிகம் பேசாமல், பாத்திரத்தைக்கூட அவரே கழுவி வைத்துவிட்டுப் போனவர் யார்? அவருடைய பெயரையும் ஜெபத்தில் சொல்லுங்கள்.

ஒருவேளை அந்த டிபன் கேரியர் உங்கள் கையில் இருக்கலாம். நீங்கள் கவனித்துக்கொள்ளும் அம்மா, உங்கள் முன்னாலேயே, எனக்கென்று யார் இருக்கிறார்கள் என்று வந்தவர்களிடம் சொல்லியிருக்கலாம். மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். அவர் உங்களைத் தள்ளிவிடவில்லை; அவர் கண் இன்னும் மோவாபிலேயே இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிறது. போய் இலையைப் போடுங்கள்.