வறண்ட கரை

சில வாரங்களுக்கு முன் நம் பங்கைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு நாவலைக் கொண்டுவந்து தந்தார். தந்தையை இழந்து ஓராண்டு நிறைவுறாத இளைஞர் அவர். “முழுதும் படித்தேன், சாமி. ஏமாந்து போனேன். ஏன் என்றுதான் விளங்கவில்லை” என்றார்.

அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் இளையோருக்கென 1972-இல் எழுதிய ‘தி ஃபார்தெஸ்ட் ஷோர்’ என்பதே அந்நூல். மறு ஆண்டே அமெரிக்கத் தேசிய நூல் விருதைச் சிறுவர் இலக்கியப் பிரிவில் பெற்ற படைப்பு. அதனைக் குறைகூற நமக்கும் சற்றுத் தயக்கமே.

தீவுகளாலான ஓர் உலகம். அங்கே மந்திரச் சொற்கள் மறந்துபோகின்றன. பாடகர்கள் பாடல்களை மறக்கின்றனர். பட்டுக்குச் சாயமிடும் தீவில் வண்ணங்கள் மங்குகின்றன. காரணம் தேடி, கெட் என்னும் முதிய மந்திரவாதியும் ஆரென் என்னும் இளவரசனும் சிறு படகொன்றில் புறப்படுகின்றனர். கடற்பயணப் பகுதிகளின் அழகைச் சொல்லித் தீராது. இறுதியில் உண்மை புலனாகிறது: சாவை வெல்லத் துணிந்த காப் என்பவன், வாழ்வோர்க்கும் இறந்தோர்க்கும் இடையே ஒரு வாயிலைத் திறந்துவிட்டான், உலகின் ஒளியெல்லாம் அதன்வழியே வடிந்துகொண்டிருக்கிறது. கெட் தம் ஆற்றல் முழுவதையும் செலவிட்டு அதனை அடைக்கிறார்.

சாகாதிருக்க விரும்புவது குற்றமா? ஆம் என்கிறது நாவல். பாதியளவு நாமும் உடன்படுவோம். தன் உயிரை மட்டும் இறுகப் பற்றிக்கொள்பவன் பிறர் வாழ்வைக் கவர்பவனாகிறான் என்பது மெய்யே. தம் உடன்பிறப்பு சாத்திருஸின் மறைவின்போது ஆற்றிய உரையில் புனித அம்புரோஸ், அருளின்றி நீளும் வாழ்வு வரமன்று, சுமையே என்றார். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2007-இல் எதிர்நோக்கைக் குறித்து வெளியிட்ட சுற்றுமடலில் இதனையே நினைவூட்டி, முடிவில்லா நீட்சியை நாம் உண்மையில் விரும்புகிறோமா என வினவுகிறார்.

ஆனால் அந்நாவல் காட்டும் மறுகரை எத்தகையது? புழுதி நிறைந்த இருள்நிலம், அசையாத விண்மீன்கள். ஒருங்கே இறந்த தாயும் சேயும் அங்கே இருக்கின்றனர். தாய் சேயை ஏறிட்டும் பார்ப்பதில்லை. காதலுக்காக உயிர்நீத்தவர்கள் தெருவில் ஒருவரையொருவர் கடந்து செல்கின்றனர். சாவுக்கு அஞ்சாதே என்று கற்பிக்கும் நூல் சாவை இவ்வாறு தீட்டிவிட்டால், காப்பின் அச்சத்தில் என்ன தவறு? ஓடித் தப்ப எண்ணுபவனே அறிவாளி என்றல்லவா ஆகிறது! இங்குள்ளவை வெறும் நிழல்கள், இறந்தவர் மெய்யாகவே மண்ணிலும் வெயிலிலும் இருக்கின்றார் என்று கெட் விடையளிக்கிறார். அழகிய விடைதான். எனினும் வெயில் ஒரு மகனைப் பெயர்சொல்லி அழைப்பதில்லையே.

நம் இளைஞரின் ஏமாற்றம் இங்கேதான் வேர்கொண்டிருக்க வேண்டும். அவர் தம் தந்தைக்கு முடிவில்லா ஆயுளைக் கேட்கவில்லை. தந்தை தம்மை அறிவாரா என்பதே அவர் கேள்வி. இவ்விரண்டையும் நாவல் ஒரே ஆசையாகக் கொண்டு, ஒரே கதவால் அடைத்துவிட்டது. அன்பு மறுகரையிலும் தொடர வேண்டும் என்னும் விருப்பத்தைப் பேராசை என்று பெயரிட நமக்கு மனம் வரவில்லை.

ஆசிரியருக்கும் அது உறுத்தியிருக்கும் போலும். 29 ஆண்டுகள் கழித்து, 2001-இல் ‘தி அதர் விண்ட்’ என்னும் நாவலில் அந்த இருள்நிலத்தின் சுவரையே இடித்துத் தள்ளினார். அழியாமையை நாடிய பழங்கால மந்திரவாதிகளின் பேராசையே அந்நிலத்தை உண்டாக்கியது என்றும் எழுதினார். எழுதியதைத் திருத்தும் துணிவு எளிதன்று. மறையுரை ஆற்றும் நாம் அதனை நன்கறிவோம். ஆயினும் அங்கும் இறந்தோர் சுவரைக் கடந்து ஒளியில் தூசாய்க் கரைகின்றனர். விடுதலை உண்டு, நிலைத்த சந்திப்பு இல்லை.

அந்த இரண்டாம் நூல் நம்மிடம் உள்ளதை அறிந்து இளைஞர் கேட்டிருக்கிறார். தந்தையின் ஆண்டு நினைவுத் திருப்பலி அடுத்த மாதம். அதற்கு முன்பு கொடுப்பதா, பின்பு கொடுப்பதா என்று நாம் இன்னும் முடிவு செய்யவில்லை.