மகிழ்ச்சியும் விரைவும்

மேலை இசைத்தாள்களில் முதல் வரிக்கு மேலே பெரும்பாலும் ஓர் இத்தாலியச் சொல் நிற்கும். அலெக்ரோ என்றால் விரைவாக, விவாச்சே என்றால் துடிப்பாக, பிரெஸ்டோ என்றால் மிக விரைவாக என்று இசை பயிலும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். ஆனால் இத்தாலியரின் அன்றாடப் பேச்சில் அலெக்ரோ என்பதற்கு மகிழ்வான என்பதே பொருள். விவாச்சே உயிரோட்டத்தைக் குறிக்கும். கோன் பிரியோ என்று சேர்த்தால் ஊக்கத்தோடு என்றாகும். இவற்றுள் பிரெஸ்டோ ஒன்றே நேராக விரைவைச் சுட்டுவது. உள்ளத்தின் நிலையைச் சொன்ன சொற்கள் காலின் வேகத்துக்குப் பெயராகிவிட்டன. அப்படியானால் மகிழ்ச்சியும் விரைவும் ஒன்றுதானா?

லியோபோல்ட் மோட்சார்ட் அவ்வாறு கருதவில்லை. 1756-இல் வெளியான தம் வயலின் பயிற்சி நூலில், அலெக்ரோ என்பது மகிழ்வான நடை, ஆயினும் அவசரப்படாத நடை என்று விளக்கினார். அவருடைய புகழ்பெற்ற மைந்தரோ, 1791-இல் முடிக்காமல் விட்டுச்சென்ற இறந்தோர் திருப்பலி இசையில், இறைவனின் சினத்தின் நாளைப் பாடும் பகுதிக்கு ‘அலெக்ரோ அஸ்ஸாய்’ என்று தலைப்பிட்டார். தீர்ப்பின் முன் நடுங்கும் அப்பாடலை மிக்க மகிழ்வோடு பாடுங்கள் என்றா கேட்டிருப்பார்? சொல்லிலிருந்து மகிழ்ச்சி வெளியேறி, ஓட்டம் மட்டுமே அங்கே எஞ்சியிருக்கிறது.

இந்த முரண் பீத்தோவனை உறுத்தியது. மெல்ட்செல் 1815-இல் காப்புரிமை பெற்ற மெட்ரொனோம் என்னும் தாளக் கருவியை அவர் வரவேற்றார். 1817-இல் தம் எட்டுச் சிம்பொனிகளுக்கும் வேக எண்களை வெளியிட்டார். ஐந்தாம் சிம்பொனியின் முதற்பகுதிக்கு நிமிடத்துக்கு 108 என்பது அவர் இட்ட எண். (அது மிகை வேகம் என்று தயங்குவோர் இன்றும் உளர்.) அவ்வாண்டே மோசெல் என்பவருக்கு எழுதிய மடலில், அலெக்ரோ போன்ற சொற்களைக் கைவிட விரும்புவதாகக் கூறினார். ஆனால் பாடலின் பண்பைச் சொல்லும் சொற்களை விட முடியாது என்றார். வேகம் உடல், பண்பு ஆவி என்பது அவர் கருத்து.

இங்கேதான் அறக்கேள்வி ஒன்று எழுகிறது. வேகத்தைக் கட்டளையிடலாம், கட்டளை நிறைவேறியதா என்று எண்ணியும் பார்க்கலாம். மகிழ்ச்சியை யார் கட்டளையிடுவது? விரல்கள் 108-ஐத் தொட, உள்ளம் உறங்கிக்கிடக்கும் கலைஞனை எந்தக் கருவியும் குறைகூறாது. எண்ணைத் தவறவிட்டு, உயிரோட்டத்தைப் பிடித்தவனே படைப்பாளிக்கு அதிக உண்மையாய் இருந்தான் என்பேன். எனினும் அதைச் சட்டமாக்க எனக்குத் துணிவில்லை. தன் விரல்களின் சோம்பலுக்கு உணர்வு என்று பெயர் சூட்டிக்கொள்வோரும் உண்டல்லவா? எண்ணும் வேண்டும், எண்ணால் பிடிபடாததற்கு ஒரு சொல்லும் வேண்டும்.

1823-இல் முடித்த பெருந்திருப்பலி இசையில், ‘ஆண்டவரே, இரக்கமாயிரும்’ என்னும் மன்றாட்டின் தலையில், இத்தாலியக் குறிப்போடு தம் தாய்மொழியான ஜெர்மனில் ‘பக்தியுடன்’ என்றும் பீத்தோவன் எழுதினார். அதற்கு அவர் எண் எதுவும் இடவில்லை.