சிலம்பின் மூன்று சாட்சிகள்

சைதாப்பேட்டை நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டேறுகிறவர்களுள் பொய்யுரைப்பவரைக் குறுக்கு விசாரணை காட்டிக்கொடுத்துவிடலாம்; ஆனால் தாம் கண்டதைக் கண்டவாறே உரைத்தும் ஒருவரோடொருவர் முரண்படுகிறவர்களை என் செய்வது என்பது தத்துவ சாஸ்திரத்தின் பழம்பெரும் வினா. 1954-ஆம் ஆண்டில் எஸ். பாலசந்தர் 'அந்த நாள்' படத்தில் ஒரு கொலையைப் பலர் வாயிலாகச் சொல்லவைத்து அவ்வினாவைத் தமிழ்த் திரைக்குக் கொணர்ந்தார். அதன் ஆழத்தை அவருக்குப் பன்னெடுங்காலம் முன்பே கண்டவர் சிலப்பதிகாரம் இயற்றிய இளங்கோவடிகள்.

கோவலன் கொலையைப் பொற்கொல்லன் சொல்லக் கேட்டால், அது அரசியின் சிலம்பைத் திருடிய கள்வன் அகப்பட்ட கதை. ஊடிய தேவியைத் தணிவிக்க விரைந்த பாண்டியன் அவ்வொரு வாயை மட்டுமே நம்பி விசாரணையின்றி ஆணையிட்டான். அதே கொலையைக் கோவலன் மனைவி கண்ணகி சொல்லும்போது கள்வன் நிரபராதியாகிறான், நீதி வழங்கியவன் குற்றவாளியாகிறான். அரசியின் சிலம்பிலிருந்த பரல் முத்தாயிருக்க, கண்ணகி உடைத்த சிலம்பினின்று மாணிக்கம் தெறித்ததே அவள் கூற்றுக்குப் பிரத்தியட்சப் பிரமாணம்.

காவியம் அவ்வளவில் நின்றிருந்தால், அது பொய்யை மெய் வென்ற கதையாகவே முடிந்திருக்கும். ஆனால் மதுரை எரிந்தபின் மதுராபதித் தெய்வம் கண்ணகியின் முன் தோன்றி மூன்றாவது சாட்சியம் கூறுகிறது: முற்பிறப்பில் கோவலன் சிங்கபுரத்தரசனின் ஊழியனான பரதன், சங்கமன் என்னும் குற்றமற்ற வணிகனைப் பகைவரின் ஒற்றனென்று பழிகூறிக் கொல்வித்தவன், அவ்வணிகனின் மனைவி நீலி பதினான்கு நாள் அலைந்து, சாபமிட்டு உயிர் துறந்தாள். கண்ணகிக்கு முன்னே ஒரு கண்ணகி! இப்பிறப்பில் பொற்கொல்லன் செய்ததையே அப்பிறப்பில் கோவலன் செய்தான் என்று கேட்கும் கணத்தில், நம் இரக்கம் நிற்க நிலமின்றித் தடுமாறுகிறது.

அப்படியானால் பாண்டியன் விடுதலை பெறுகிறானா? இல்லை என்பதே என் உறுதியான முடிவு. கர்ம நியாயம் துன்புற்றவர் தம் துன்பத்தை உணர்ந்து அமைதியுறுவதற்கு உரியதேயன்றித் தீங்கிழைத்தவர் மறைந்துகொள்வதற்குரிய திரையன்று. ஊழைத் துணைக்கழைக்காமல், பழி முழுவதையும் தன்மேல் ஏற்று உயிர் நீத்த பாண்டியனே அதை நன்கு அறிந்திருந்தான்.

இம்மூன்று சாட்சியங்களையும் எடைபோடத் துணைசெய்யும், சமண தரிசனம் போற்றும் அநேகாந்தவாதம், ஒவ்வொரு நோக்கிலும் சத்தியத்தின் ஓர் அம்சம் உண்டென்று கூறுகிறதே ஒழிய, எல்லாக் கூற்றும் சமமென்று கூறவில்லை. முத்து ஒருபோதும் மாணிக்கம் ஆகாது. பகுதியை முழுமையென்று சாதிப்பதே பிழை. ஆதலின், தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு ஒரு நாழிகையேனும் நம் கைக்கு வருமாயின், முதலில் பேசியவர் பேச்சோடு செவியை மூடிக்கொள்ளாமல், இன்னும் பேசாதிருப்பவர் எவர் என்று தேடிக் கேட்போமாக; பாண்டியன் செய்யத் தவறியது அது ஒன்றே.