வளையலை யார் கையில் கொடுப்பீர்கள்?

ஆடிப்பூரம் வந்துவிட்டால் அம்மன் சந்நிதிகளில் கண்ணாடி வளையல்களின் ஓசைதான்! கூடை கூடையாக வாங்கி, கயிற்றில் கோத்து, சரம் சரமாக அன்னைக்குச் சாத்துகிறோம். அலங்காரம் கலைந்ததும் அந்த வளையல்கள் பிரசாதமாகப் பெண்களின் கைகளுக்கு வந்து சேர்கின்றன. நவராத்திரிக்கோ நம்மில் பலர் வீட்டிலேயே சின்னச் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களுக்கு வண்ணம் தீட்டி, உள்ளே விளக்கு வைத்து, தாம்பூலத்தோடு கொடுக்கிறோம். கடையில் வாங்கிக் கொடுப்பதைவிட நம் கையால் செய்து கொடுப்பதில் ஒரு தனி நிறைவு இருக்கத்தானே செய்கிறது?

அந்த நிறைவோடு ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டுக்கொள்வோமா? நீங்கள் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள். வரிசையில் அடுத்து நிற்பவர் கணவரை இழந்தவர். உங்கள் கை சற்றே தயங்குகிறது. அதைப் பார்க்கும் முன்பே அவர் தானாகப் பின்னால் நகர்ந்து விடுகிறார். அப்போது என்ன செய்வீர்கள்?

மூலக்கொத்தளம் என்றதும் சென்னைவாசிகள் பலருக்கு அங்கே இருக்கும் மயானம்தான் நினைவுக்கு வரும். ஆனால், அந்த மயானத்தைச் சுற்றிலும் குடும்பங்கள் வாழ்கின்றன. அங்கேயும் வளைகாப்பு நடக்கிறது. ஆடியில் கூழ் வார்க்கிறார்கள். ஒரே தெருவில் ஒரு வீட்டில் வளையல் அடுக்கப்படும். இன்னொரு வீட்டில், பத்தாம் நாள் சடங்கு என்று சொல்லி வளையல் உடைக்கப்படும். அந்த வளையலோடு உடைந்து போவது அவளுக்கும் ஊருக்கும் இருந்த உறவும்தான்.

‘வழக்கம் அப்படித்தானே... நாம் எப்படி மாற்றுவது?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு முன், எது கணவரோடு வந்தது, எது பிறந்த வீட்டிலிருந்து வந்தது என்று கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். தாலி, கணவர் கட்டியது. மெட்டி, திருமணத்தில் அணிவித்தது. வளையல் அப்படியா? தொட்டிலில் கிடக்கும்போதே கண்ணேறு படாமலிருக்கக் கருவளையல் போட்டது அம்மா. திருவிழாக் கடையில் அழுது அடம்பிடித்தபோது வாங்கிக் கொடுத்தது அப்பா. கணவர் முகத்தைப் பார்க்கும் முன்பே கையில் இருந்த ஒன்றை, அவர் போனதும் எந்தக் கணக்கில் கழற்றச் சொல்கிறோம்?

இன்னொன்றையும் யோசியுங்கள். நாம் அம்மனுக்குச் சாத்தும் வளையல் எங்கிருந்து வருகிறது? இந்தியாவின் கண்ணாடி வளையல்களில் பெரும்பகுதி ஆக்ராவுக்கு அருகில் உள்ள பிரோசாபாத்தில்தான் தயாராகிறது. சூளையில் உருகிய கண்ணாடியைக் கம்பியாக இழுத்துச் சுருளாக்கி வெட்டுவார்கள். வெட்டிய ஒவ்வொரு வளையத்துக்கும் இரண்டு முனைகள் இருக்கும். அந்த முனைகளை விளக்குச் சுடரில் காட்டி ஒட்ட வேண்டும். இந்த வேலையை வீட்டிலேயே உட்கார்ந்து செய்பவர்களில் ஏராளமானோர் பெண்கள். வெப்பத்துக்கும் புகைக்கும் நடுவே ஒட்டிய அந்தக் கை சுமங்கலியின் கையா, கணவரை இழந்தவரின் கையா என்று நாம் யாரும் கேட்பதில்லை. செய்த கையைக் கேட்காத நாம், வாங்கும் கையை மட்டும் ஏன் கேட்கிறோம்?

அம்மனே கேட்பதில்லை! வடசென்னைப் பெண்கள் ஆடியில் தேடிப் போகும் பெரியபாளையம் பவானி அம்மனின் வரலாறு உங்களுக்குத் தெரிந்ததுதான். மரத்தடியில் கண்ணயர்ந்த வளையல் வியாபாரியின் மூட்டை புற்றுக்குள் போய்விட, அவர் கனவில் அன்னை தோன்றித் தன் இருப்பிடத்தைக் காட்டியதாகச் சொல்வார்கள். அங்கே வேப்பிலை ஆடை உடுத்தி வலம் வருவதும் புகழ்பெற்ற நேர்த்திக்கடன். வேப்பிலைக்குச் சொல்லப்படும் கதை எது? கணவர் ஜமதக்னி கொல்லப்பட்டதும் ரேணுகா தேவி தீயில் இறங்கினாள். மழை பெய்து தீ அணைந்தது. உடலெங்கும் கொப்புளங்களோடு எழுந்தவள் வேப்பிலையை ஆடையாக உடுத்திக் கொண்டாள். அவளே மாரியம்மனாக வணங்கப்படுகிறாள். அப்படியென்றால், கணவரை இழந்த ஒரு தாயின் திருமேனிக்குத்தான் நாம் வளையல் சாத்திக் கண்ணில் ஒற்றிக் கொள்கிறோம். அவளுக்கு ஆகும் வளையல், அவள் மகளுக்கு ஆகாதா?

மாற்றம் தொடங்கியும் விட்டது. மகாராஷ்டிரத்தின் கோலாப்பூர் மாவட்டத்தில் உள்ள ஹேர்வாட் கிராமம், வளையல் உடைப்பது உள்ளிட்ட சடங்குகளைக் கைவிடுவதாக 2022 மே மாதம் தீர்மானம் போட்டது. மற்ற கிராமங்களும் அதைப் பின்பற்றலாம் என்று அந்த மாநில அரசும் அறிவுறுத்தியது. 2023 ஆகஸ்டில், ஈரோடு மாவட்டக் கோயில் ஒன்றின் வழக்கில், கணவரை இழந்தவர் என்பதற்காக ஒரு பெண்ணைக் கோயிலுக்குள் நுழையவிடாமல் தடுக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது.

தீர்மானமும் தீர்ப்பும் கோயில் வாசல் வரை அழைத்து வரும். கையில் வளையலைக் கொடுப்பது நாம்தான். அதையும் பக்குவமாகச் செய்ய வேண்டும். நாலு பேர் நடுவில் கையைப் பிடித்து இழுத்துப் போட்டுவிட்டு, ‘பார்த்தீர்களா என் பெரிய மனதை’ என்று நிமிர்ந்தால் அது தானமாகாது. ‘வேண்டாம்மா, எனக்கு மனசு வரலை’ என்று அவர் சொன்னால் அதையும் மதிக்க வேண்டும். பல ஆண்டுகள் ஒதுங்கி நின்றவருக்கு, ஒரே நாளில் முன்னால் வருவது சுலபமில்லை.

ஒரு வழி இருக்கிறது. கொடுக்கும்போது அழைப்பதைவிட, செய்யும்போதே அழையுங்கள். எதிர்வீட்டுப் பெரியம்மாவிடம் ஒரு வாரம் முன்பே போய், ‘வளையல் சரம் கோக்கணும், நீங்களும் வாங்களேன்’ என்று கேளுங்கள். கிண்ணத்துக்கு வண்ணம் தீட்ட ஒரு தூரிகையை அவர் கையிலும் கொடுங்கள். தன் கையால் கோத்த சரம் அம்மன் தோளில் கிடப்பதைப் பார்த்தவர், அதிலிருந்து ஒரு ஜோடி பிரசாதமாகத் தன்னிடம் வரும்போது பின்னால் நகர மாட்டார்.

இந்த ஆடிப்பூரத்துக்கு எத்தனை டஜன் வளையல் வாங்கலாம் என்று கணக்குப் போடும்போது, அவருடைய கை அளவையும் கேட்டு வைத்துக் கொள்ளுங்கள்!