எங்கிருந்து வந்த பொன்?

மலாக்கா மாநிலத்தின் உம்பாய்க் கரைக்கு எதிரே மலாக்கா நீரிணை; அதைத் தாண்டினால் சுமத்ரா. அந்த அக்கரை நாட்டில் 2024 மே மாதம் வெளிவந்த ஒரு வழக்கு, இக்கரையில் நகை வாங்கும் ஒவ்வொரு வீட்டையும் உறுத்தியிருக்க வேண்டும். இந்தோனேசிய அரசுத்துறை நிறுவனமான அந்தாமின் தங்கச் சுத்திகரிப்புப் பிரிவில் 2010 முதல் 2022 வரை தலைமைப் பொறுப்பு வகித்த ஆறு பேர் மீது சட்டத்துறைத் தலைவர் அலுவலகம் குற்றம் சாட்டியது. வெளியார் கொண்டுவந்த 109 டன் தங்கத்துக்கு உரிய அனுமதி இல்லாமல் நிறுவனத்தின் முத்திரையைக் குத்திக் கொடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. தங்கம் போலியில்லை, மாற்றுக் குறையவில்லை என்று நிறுவனம் விளக்கியது. கைக்காசு போய்விடுமோ என்ற பயத்தை அந்த விளக்கம் தீர்க்கும். அந்தத் தங்கம் யார் மண்ணிலிருந்து, யார் கையால், எந்த ஆற்றைக் கெடுத்து வந்தது என்ற கேள்வியை அது தொடவே இல்லை.

நகை வாங்குபவர் அதன் தரத்தை மட்டும் பார்த்தால் போதாது. அதன் பிறப்புக்கும் அவர் பொறுப்பாளி. 916 என்ற எண் ஆயிரம் பங்கில் எத்தனை பங்கு தங்கம் என்று சொல்லும். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லாது.

வாங்குபவனுக்கு என்ன பொறுப்பு, தோண்டியவன் அல்லவா குற்றவாளி என்று கேட்கலாம். இதற்கு வள்ளுவர் எப்போதோ விடை சொல்லிவிட்டார். புலால் மறுத்தல் அதிகாரத்தில், உண்பதற்காகக் கேட்பவர் இல்லையென்றால் விற்பதற்காகக் கொல்பவரும் இருக்கமாட்டார் என்று அவர் வாதிடுகிறார். கசாப்புக் கத்தியைத் தொடாதவனையும் அந்தக் குறள் விட்டுவைக்கவில்லை. பொருள்செயல்வகையில், வந்த வழியில் தீங்கு கலவாத செல்வமே அறமும் இன்பமும் தரும் என்கிறார். வினைத்தூய்மையில் இன்னும் கடுமை: பிறரை அழவைத்துப் பெற்றது, பெற்றவரை அழவைத்துவிட்டுப் போகும். மூன்று அதிகாரங்களும் ஒரே திசையில்தான் கைகாட்டுகின்றன.

அந்த அழுகை எங்கே என்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. மலாக்காவுக்கு நேர் எதிரே உள்ள ரியாவ் மாநிலத்தின் குவாந்தான் ஆற்றங்கரையிலும், ஜாம்பியின் பாத்தாங்ஹாரி ஆற்றுப்படுகையிலும் அனுமதியில்லாத தங்கத் தோண்டல் பல்லாண்டுகளாக நடக்கிறது. பொடியாக்கிய மண்ணில் பாதரசத்தைக் கலக்கிறார்கள். அது தங்கத் துகளைப் பற்றிக்கொள்கிறது. துணியில் வைத்துப் பிழிந்து, எஞ்சிய உருண்டையை நெருப்பில் காட்டினால் பாதரசம் ஆவியாகிப் போகும், தங்கம் நிற்கும். பல இடங்களில் இந்தச் சூட்டு வேலை வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. பக்கத்தில் குழந்தைகள் இருப்பார்கள். ஆவி மூச்சில் போகிறது, சிந்தியது ஆற்றில் போகிறது. ஆற்றிலும் கடலிலும் நுண்ணுயிர்கள் அதைக் கொடிய நஞ்சாக மாற்ற, சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கு அது ஏறிக்கொண்டே போகிறது. மீனை உண்பவர்களின் நரம்பையும், கருவிலிருக்கும் பிள்ளையின் மூளையையும் பாதரசம் என்ன செய்யும் என்பதை 1956இல் ஜப்பானின் மினமாட்டா ஊர் உலகுக்குக் காட்டியது. அந்த ஊரின் பெயரிலேயே 2013இல் உலக ஒப்பந்தம் ஏற்கப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்தது. ஆனாலும் மனிதச் செயலால் காற்றில் கலக்கும் பாதரசத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இன்றும் சிறு தங்கத் தோண்டல்களிலிருந்துதான் வருகிறது. மீன் சுட்டு விற்றுப் பேர் வாங்கிய உம்பாய்க்கு இதைவிட விளக்கமாகச் சொல்ல வேண்டுமா?

பாதரசம் மட்டுமா? 2024 செப்டம்பரில் மேற்குச் சுமத்ராவின் சோலோக்கில் மழையில் சரிந்த அனுமதியற்ற சுரங்கத்தில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் புதைந்து மாண்டார்கள்.

தமிழருக்கு இது அடுத்த வீட்டுக் கதையும் அல்ல. நம் முன்னோரைக் கங்காணிகள் மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்குக் கூட்டிவந்த அதே காலத்தில், வட ஆற்காட்டுத் தமிழர்கள் கோலார் தங்கவயலில் பூமிக்கடியில் இறக்கப்பட்டார்கள். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கிய அந்தச் சுரங்கங்கள் 3 கிலோமீட்டருக்கும் கீழே போயின. பாறை வெடித்துச் செத்தவர்கள், கல்தூசு நுரையீரலில் படிந்து இருமி இருமிச் செத்தவர்கள் எனக் குடும்பம் குடும்பமாக ஆட்களை இழந்தார்கள். 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுத்த பிறகு 2001 பிப்ரவரி 28 அன்று வயல் மூடப்பட்டது. தங்கம் போனது, சயனைடு கலந்த மண்மலைகள் மட்டும் குடியிருப்புகளுக்கு நடுவே நிற்கின்றன, காற்றடித்தால் அந்தத் தூசு வீடுகளுக்குள் வருகிறது. தோண்டியவர்களில் பலர் தங்கள் பெண்களுக்கு ஒரு பவுன் போட்டுப் பார்க்காதவர்கள். இந்த வரலாறு உள்ள இனம், பொன்னின் பிறப்பு எனக்கெதற்கு என்று சொல்லலாகாது.

பிறப்பைக் கேட்பது நமக்குப் புதிய பழக்கமும் இல்லை. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துக் கடைத்தெருவை வருணிக்கும்போது, மணியும் பொன்னும் எந்த மலையிலிருந்து, முத்து எந்தக் கடலிலிருந்து, பவளம் எந்தத் திசையிலிருந்து என்று சரக்கோடு ஊரையும் சேர்த்தே சொல்கிறது. அதில் வரும் காழகத்தைக் கடாரம், அதாவது இன்றைய கெடா என்று உரையெழுதினார் நச்சினார்க்கினியர். புறநானூற்றுக் கண்ணகனார், பொன்னும் பவளமும் முத்தும் மணியும் தூரதூர இடங்களில் பிறந்து ஓர் அணிகலனில் ஒன்றுசேர்வதைப் பாடினார். கோத்த பிறகும் அவர் பிறந்த இடத்தை மறக்கவில்லை. சிலப்பதிகாரத்தின் மதுரை வணிகர்கள் நால்வகைப் பொன்னைப் பெயர்சொல்லிப் பிரித்தவர்கள். அந்தக் காப்பியத்தின் பெருந்துயரமே, ஒரு சிலம்பு யாருடையது, எங்கிருந்து வந்தது என்று விசாரிக்காத அரசனால் விளைந்ததுதான். ஒரு கொல்லன் சொல் அவனுக்குப் போதுமானதாக இருந்தது. அந்தத் தவறுக்கு இளங்கோ அவன் உயிரையே விலையாக வைத்தார்.

மறுபக்கத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. உலகில் சுமார் ஒன்றரைக் கோடிப் பேர் சிறு தோண்டலை நம்பி வாழ்கிறார்கள். மலாக்காவின் ஜாசின் வட்டாரத் தோட்டங்களிலும் மற்ற இடங்களிலும், ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்ன நாளில் பெண்களுக்குத் துணை நின்றது கழுத்திலும் கையிலும் கிடந்த பொன்தான். இதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஏழையின் பிழைப்பு என்பது அந்த ஏழைக்கே நஞ்சூட்டுவதற்கு நியாயம் ஆகாது. தாய் பசித்திருப்பதைக் கண்டாலும் சான்றோர் பழிப்பதைச் செய்யாதே என்றவர் வள்ளுவர். பாதரசத்தைக் குறைத்து, நல்ல விலை கொடுத்து வாங்க வைக்கும் ஃபேர்மைன்ட், ஃபேர்டிரேட் போன்ற சான்றிதழ்களும் இருக்கின்றன. பிழைப்பையும் காக்கலாம், ஆற்றையும் காக்கலாம்.

சான்றிதழ் என்றதும் கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது. 2003இல் தொடங்கிய கிம்பர்லி வைரச் சான்றிதழ் ஏற்பாடு, கிளர்ச்சிப் படைகளுக்குப் பணம் தரும் வைரத்தை மட்டுமே தடுக்கிறது. வைரம் தோண்டுபவனின் கூலியையோ பட்டை தீட்டுபவனின் நுரையீரலையோ அது கேட்பதில்லை. மறுசுழற்சித் தங்கம் என்ற பெயரிலும் புதுத் தோண்டலை உருக்கிக் கலக்க முடியும், ஏனென்றால் உருகிய தங்கத்துக்கு அடையாளம் கிடையாது.

ஆகவே ஐயமில்லாத வழி, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பொன்னைப் புதுப்பிப்பதுதான். பாட்டியின் அட்டிகையும் உடைந்த ஜிமிக்கியும் பேத்தியின் தாலிக்கொடியாகட்டும். அதற்காக எந்த ஆற்றங்கரையையும் தோண்ட வேண்டாம். பொற்கொல்லர்களின் பெயரையே தாங்கிய ஜாலான் துக்காங் ஏமாஸ் மலாக்கா நகரில் இருக்கிறது. 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் நிற்பதும் அந்தத் தெருவில்தான். பழைய பொன்னை உருக்கிப் புதிதாக அடிப்பது இந்த மண்ணின் பத்தர்களுக்குப் பழகிய வேலை. அவர்களுக்கும் அதில் கூலி உண்டு. உருக்குவதற்கு முன் கல்லைக் கழற்றித் தனியே எடை போடச் சொல்லுங்கள். சேதாரம் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். புது நகைதான் வேண்டும் என்றால், தீபாவளிக் கூட்டத்துக்கு முன்பே கடைக்குப் போய், இந்தத் தங்கத்தை எந்தச் சுத்திகரிப்பாளரிடம் வாங்குகிறீர்கள், அவர் எந்தச் சுரங்கத்திடம் வாங்குகிறார் என்று கேளுங்கள். முதல் முறை கடைக்காரர் முகத்தைச் சுளிப்பார். ஒரே வாரத்தில் பத்துப் பேர் கேட்டால், அவரே தம் மொத்த வியாபாரியிடம் அதைக் கேட்டாக வேண்டியிருக்கும்.